அம்பும் ஈயக் குண்டும்

சென்னையிலிருந்து கப்பலேறி அந்தமான் செல்வோர், 2024-ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்கியதும், எதிரே தோன்றும் சிறு தீவொன்றைக் காணத் தவறுவதில்லை. முன்னர் ராஸ் தீவு எனப்பட்டு, 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்றுள்ள அத்தீவில், இடிந்த கட்டடங்களுக்கிடையே புள்ளிமான்கள் அச்சமின்றி உலவக் காணலாம். அம்மான்கள் அந்தமான் மண்ணுக்கு உரியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில ஆட்சியினர் வேட்டை விலங்காகக் கொணர்ந்து விட்டவற்றின் வழித்தோன்றல்களே அவை.

மான் வந்தது, அதனை வேட்டையாடத் துப்பாக்கியும் வந்தது. ஆனால் வேட்டைக் கலை அத்தீவுகளில் அதற்கு நெடுங்காலம் முன்பே முதிர்ந்திருந்தது. வேட்டைக் கருவி ஒன்றை நல்லது என்று எவ்வாறு மதிப்பிடுவது? எட்டும் தொலைவைக் கொண்டா, எழுப்பும் ஓசையைக் கொண்டா? இரண்டுமல்ல. அடிபட்ட விலங்கு விரைவில் உயிர் துறக்கவேண்டும். புண்பட்டுத் தப்பியோடிக் காட்டில் வீணே மடியலாகாது. இவ்வளவுகோலைக் கொண்டே அம்பையும் குண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அந்தமான் பழங்குடியினர் காலங்காலமாக வேட்டையாடிய விலங்கு காட்டுப்பன்றி. அதற்கென அவர்கள் அமைத்த அம்பு வியக்கத்தக்கது. அதன் இரும்பு முனை தண்டோடு இறுகப் பிணைக்கப்பட்டதன்று. தண்டின் நுனியில் செருகப்பட்டு, ஒரு கயிற்றினால் மட்டும் அதனோடு தொடர்புற்றிருக்கும். அம்பு தைத்ததும் முள்ளுடைய முனை தசையில் பதிந்து நிற்கும். தண்டு கழன்று கயிற்றின் முடிவில் தொங்கும். பன்றி ஓட ஓட, அத்தண்டு கொடியிலும் வேரிலும் சிக்கி அதனைத் தடுத்து நிறுத்தும். வேடர் பின்தொடர்ந்து சென்று வீழ்த்துவர். முனைக்கு வேண்டிய இரும்பை முற்காலத்தில் உடைந்த கப்பல்களிலிருந்து அவர்கள் பெற்றனர். அம்பின் வலிமை குறைவு என்பதை உணர்ந்து, அக்குறையை அமைப்பினால் ஈடு செய்த அறிவு இது.

துப்பாக்கிக் குண்டோ வேறு வழியில் செயற்படுகிறது. வேட்டைக்குரிய மரபான குண்டின் உள்ளீடு மெல்லிய ஈயம். வெளியுறை செம்புக் கலவை. நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். உடலில் பாய்ந்ததும் அந்நுனி நசுங்கிக் காளான்போல் விரிகிறது. ஆகவே புண் அகன்று, இதயமும் நுரையீரலும் சிதைந்து, விலங்கு விரைவில் சாய்கிறது. முழுதும் உறையிட்ட குண்டாயின், பெரும்பாலும் விரியாமலே ஊடுருவிச் சென்றுவிடும். மான் நெடுந்தூரம் ஓடி ஒளிந்து துன்புறும். விரியும் குண்டுகளில் பெயர் பெற்ற ஒன்று, கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890-களில் உருவாயிற்று. போரில் அத்தகைய குண்டுகளைப் பயன்படுத்தலாகாது என 1899-இல் ஹேக் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. மனிதர்மீது கொடுமை எனத் தள்ளப்பட்ட அதே இயல்பு, வேட்டையில் விலங்கின் துன்பத்தைக் குறுக்குவதால் வேண்டப்படுகிறது.

ஆயினும் இம்மரபுக் குண்டுக்கும் எல்லை உண்டு. புள்ளிமான் அளவுள்ள விலங்குக்கு அது போதும். வட அமெரிக்காவின் எல்க் மான் முந்நூறு கிலோவுக்கு மேலும் எடையுள்ளது. அதன் தோள் எலும்பில் மிகுந்த வேகத்தில் மோதும் மெல்லுறைக் குண்டு, உள்ளே ஆழ்ந்து செல்லாமல் துண்டு துண்டாகச் சிதறக்கூடும். இக்குறையை நீக்கவே, ஜான் நாஸ்லர் என்னும் அமெரிக்கர் இடையே செம்புச் சுவரிட்டு ஈயத்தை இருகூறாக்கிய குண்டினை அமைத்து, 1948-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். முன்கூறு விரியும், பின்கூறு சிதையாமல் ஆழப் பாயும்.

மற்றொரு தீங்கும் உண்டு. சிதறும் ஈயத் துணுக்குகள் இறைச்சியில் தங்குகின்றன. உண்போர்க்கும், எஞ்சிய குடலைத் தின்னும் கழுகினப் பறவைகளுக்கும் அவை நஞ்சாகும். கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை அறவே விலக்கியது. முழுதும் செம்பினாலான குண்டுகள் அங்கு அவற்றின் இடத்தைப் பெற்றன.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. நிக்கோபார்ப் பழங்குடியினருக்கு 1967-ஆம் ஆண்டு அறிவிக்கையால் வழங்கப்பட்ட வேட்டையுரிமைகளை மட்டும் அது தொடாமல் விட்டுள்ளது. அந்தமானிலோ, மானைக் கொல்லும் புலியுமில்லை, சிறுத்தையுமில்லை. ஜாரவா மக்களும் மரபாக மானை வேட்டையாடுவதில்லை. ஆதலால் மான்கள் தீவுக்குத் தீவு நீந்திப் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து காட்டின் மறுவளர்ச்சியைக் குன்றச் செய்கின்றன.

பொழுதுபோக்கிற்காக ஒரு விலங்கைக் கொணர்ந்து விடுதல் எளிது. அதன் விளைவை மீட்டல் அரிது. எய்த அம்பைக் கயிற்றினால் தொடர்ந்து சென்ற அந்தமான் வேடரிடம் நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே: நம் கையினின்று புறப்படும் எதுவும் எங்கே சென்று முடிகிறது என்பதை அறியும் பொறுப்பு நம்முடையதாகும்.