'அப்பா மாதிரி ஆக மாட்டேன்!'

இந்த வார்த்தையை ஒரு தடவையாவது மனசுக்குள்ள சொல்லியிருக்கீங்களா? அப்போ ஒகோங்குவோவை உங்களுக்கு ஈஸியா பிடிபடும்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958-ல் எழுதிய நாவலின் ஹீரோ இவர். (என்.கே.மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழிலும் இருக்கு.) இக்போ மக்களின் ஊரான உமுவோஃபியாவில், ஏழு வருஷமா யார்கிட்டயும் தோற்காத மல்யுத்த வீரனை 18 வயசுல தூக்கி அடிச்சவர். வள்ளிக்கிழங்கை ஆம்பளைப் பயிர்னு சொல்ற அந்த ஊரில், இவருக்கு ரெண்டு கொட்டகை நிறைய கிழங்கு. மூணு மனைவிகள். அத்தனைக்கும் அடியில ஒரே ஒரு பயம்தான்... அப்பா உனோகா மாதிரி ஆகிடக் கூடாது!

உனோகா செம ஜாலி பார்ட்டி. புல்லாங்குழல் ஊதுவார், ஊரெல்லாம் கடன். ஒருத்தர் வந்து கடனைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, சுவரில் போட்டுவெச்ச சாக்பீஸ் கோடுகளைக் காட்டறார். 'பெரிய கடன்காரங்களுக்குத்தான் முதல்ல கொடுப்பேன். உன்னோடது சின்னது' என்று பதில் வருது! பட்டம் வாங்காத ஆணுக்கு அங்கே 'அக்பாலா' என்று பெயர். பெண்ணுக்கும் அதே வார்த்தைதான். சின்ன வயசுல ஒரு பையன் தன் அப்பாவை அப்படிச் சொன்னது ஒகோங்குவோ மனசுல முள்ளா தங்கிடுச்சு.

அந்த முள், அவர் பையன் நுவோயேவைத்தான் குத்துது. அவனுக்கு அம்மா சொல்ற ஆமைக் கதைகள் பிடிக்கும். ஆனா, அப்பாவுக்காக அதெல்லாம் பிடிக்காத மாதிரி நடிப்பான். அந்த வீட்டில் மூணு வருஷம் வளர்ந்த பிணைக்கைதிப் பையன் இக்கெமெஃபுனா, அவனுக்கு அண்ணன் மாதிரி. சாமி உத்தரவுப்படி இக்கெமெஃபுனாவைக் கொல்லணும்னு முடிவானப்ப, 'உன்னை அப்பானு கூப்பிடற பையன். நீ கை வைக்காதே' என்று ஒரு பெரியவர் சொல்றார். ஒகோங்குவோ கேட்கலை. முதல் வெட்டு விழுந்து, 'அப்பா' என்று தன்னிடமே ஓடி வந்தவனை வெட்டிட்டார். கோழைனு யாரும் நினைச்சுடக் கூடாதாம். படிச்சப்ப புக்கை மூடிவெச்சுட்டேன்ங்க. அடுத்த பக்கம் திருப்ப மறுநாள் ஆச்சு.

கல் மனசும் இல்லை அந்த மனுஷனுக்கு! கொலைக்குப் பிறகு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை. மகள் எசின்மாவைப் பூசாரியம்மா ராத்திரியில் தூக்கிட்டுப் போனப்ப, கத்தியோடு நாலு தடவை குகைக்கு நடக்கறார். ஆனா, பாசத்தை வெளியே காட்ட மட்டும் தெரியாது. அவருக்குத் தெரிஞ்ச ஒரே உணர்ச்சி கோபம்.

கடைசியில் நுவோயே மிஷனரிகளோடு போயிடறான். கழுத்தைப் பிடிச்சு அடிக்கிற அப்பாகிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலை. அன்னிக்கு ராத்திரி நெருப்புக்கு முன்னால் ஒகோங்குவோ யோசிக்கறார். இவன் யார் மாதிரி? தாத்தா மாதிரி... உனோகா மாதிரி. அந்த நினைப்பைச் சட்டுனு தள்ளிவிட்டுடறார்.

1960-ல் வந்த அச்செபேயின் அடுத்த நாவலில் நுவோயே வயசான ஐசக். மகன் ஓபி, ஊர் ஒதுக்கிவெச்ச 'ஓசு' வகுப்புப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறான். ஐசக் 'முடியாது'ங்கறார். அப்புறம் ஒரு நாள் மகனைக் கூப்பிட்டு, அப்பாவை விட்டு வந்த கதையையும், அவர் செத்த சேதி வந்தும் தான் போகாததையும், இக்கெமெஃபுனாவையும் பத்திப் பேசறார். கல்யாணத்துக்கு மட்டும் 'சரி' வரலை.