புகார்ப் புத்தகத்திலிருந்து சமூக ஊடகத்திற்கு

இரயில் பயணியின் குறைக்கு ஆயுள் மிகக் குறைவு. கழிப்பறையில் நீர் இல்லை, முன்பதிவு செய்த படுக்கையில் பிறர் அமர்ந்துள்ளனர், குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் என்பன போன்ற முறையீடுகள், வண்டி பெரிய நிலையம் ஒன்றை அடைவதற்குள் உரியவரைச் சென்றடைந்தால்தான் பயனுண்டு. நிலையத்துப் புகார்ப் புத்தகத்தில் எழுதப்பட்டவற்றிற்கு விடை வந்ததுண்டு. ஆனால் அப்பயணம் அதற்குள் முடிந்திருக்கும்.

இந்த இடைவெளியைக் குறைக்கவே 2014-ஆம் ஆண்டு முதல் இரயில்வே அமைச்சகம் ட்விட்டரைப் பயன்படுத்தலாயிற்று. (இத்தளம் 2023-இல் எக்ஸ் எனப் பெயர் மாறியது.) 2015-இல் மகாராஷ்டிரத்தில் தனியே பயணம் செய்த பெண் ஒருவர், உடன் வந்தவர் தொல்லை தருவதாக ஓடும் வண்டியிலிருந்து செய்தி அனுப்பினார். வண்டி பூசாவலை அடைந்தபோது இரயில்வே பாதுகாப்புப் படையினர் அங்கே காத்திருந்தனர்.

இதனைச் சமூக ஊடகத்தின் வெற்றி என்று மட்டும் கூறிவிடுவது முழு உண்மையாகாது. தில்லியில் செய்தியைப் படித்தவர் அதனை உரிய கோட்டத்திற்கு அனுப்பினார். அங்கே இரவிலும் பணியில் ஆள் இருந்தனர். அவருக்குக் காவலரை அனுப்பும் அதிகாரமும் இருந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், ‘தங்கள் புகார் உரியவருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்னும் ஒரு வரியே பயணிக்குக் கிடைத்திருக்கும். கணக்கைத் தொடங்குவது ஒரு நாள் வேலை. ஏறத்தாழ 70 கோட்டங்களில் இரவும் பகலும் ஆள் அமர்த்துவதே திட்டமிடலின் கடினமான பகுதி, செலவும் அங்குதான்.

மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை 2012-இல் வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டு நெறிகளும் நோக்கத்தையே முதலில் வரையறுக்கச் சொல்கின்றன. எந்தத் தளம், யார் விடையளிப்பது என்பன அதன் பின்னரே வருகின்றன. சிறிய அளவில் சோதித்துப் பார்த்து விரிவாக்குமாறும் அவை கூறுகின்றன. நடைமுறையில் பல அலுவலகங்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றன. முதலில் கணக்கு, பின்னர் விழாப் படங்கள், நோக்கம் ஏதென்று எவரும் கேட்பதில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. பலர் காண எழுதப்படும் புகாருக்கு விரைவு அதிகம். ஆங்கிலம் அறிந்து, நல்ல கைப்பேசியும் வைத்திருப்பவர் பயன் பெறுகிறார். பொதுப்பெட்டியில் நின்று கொண்டே செல்லும் தொழிலாளி பின்தங்குகிறார். பொதுப்பணத்தில் இயங்கும் சேவையில் இந்த ஏற்றத்தாழ்வைப் பொருட்படுத்தாமல் இருக்க இயலாது. 2018-இல் தொடங்கப்பட்ட ‘ரயில் மதாத்’ இதற்கு ஓரளவு தீர்வாகும். செயலி, இணையதளம், குறுஞ்செய்தி, சமூக ஊடகம், 139 என்ற தொலைபேசி எண் ஆகிய எவ்வழியாக வந்தாலும் முறையீடு ஒரே பதிவேட்டில் சேர்கிறது. 2021-இல் பாதுகாப்பு உதவிக்கான 182 என்ற எண்ணும் 139-உடன் இணைக்கப்பட்டது. பன்னிரண்டு மொழிகளில் இயங்கும் இந்த எண்ணுக்குச் சாதாரணக் கைப்பேசியே போதுமானது.

பயணியும் சற்று விழிப்புடன் இருத்தல் வேண்டும். பத்து இலக்கப் பயணப்பதிவு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் பொதுவெளியில் எழுதிவிட்டால், பணத்தைத் திருப்பித் தருவதாக மோசடிக்காரரே முதலில் அழைக்கக்கூடும். விவரங்களைத் தனிச்செய்தியாக அனுப்புமாறு கேட்பது அலுவலரின் முதற்கடமையாகும்.

இம்முயற்சியை எவ்வாறு அளப்பது? பின்தொடர்வோரின் எண்ணிக்கை எளிதில் கிடைக்கும். அதனாலேயே அறிக்கைகளில் அது முதலிடம் பெறுகிறது. தீர்வுக்கு எடுத்த நேரமும் அளவுகோலாகலாம். எனினும் தீர்ந்ததாகக் குறித்துக் கோப்பை முடிப்பவரும் அதே துறையினர்தாம். எனவே, முறையீடு முடிக்கப்பட்டபின் திருப்தியா இல்லையா எனப் பயணியிடமே கேட்கும் ரயில் மதாத் ஏற்பாடு மதிப்புமிக்கது. ஒரே வண்டியில் ஒரே நிலையத்தைக் கடந்ததும் நீர் தீர்ந்துவிட்டதாக நாள்தோறும் முறையீடு வருமாயின், ஒவ்வொருவருக்கும் பணிவாக விடை எழுதுவதால் ஆவதொன்றுமில்லை. அந்த நிலையத்தில் நீரேற்றும் குழாயின் அழுத்தத்தைக் கூட்டுவதற்கான மதிப்பீட்டைத் தயாரிக்க வேண்டும்.