சளி மருந்து வயிற்றை ஏன் தொடுகிறது?

பகாவ் தோட்டத்துப் பக்கம் இருமலோடு கிளினிக்குக்குப் போனால், மருந்துப் பையில் புரோம்ஹெக்சின் இருக்கக்கூடும். பெயர்தான் புதிது, வேர் பழையது. பாட்டி கொதிக்கவைத்த ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை ஒட்டி வேதியியலாளர்கள் உருவாக்கியது இது.

நெஞ்சுச் சளி பிசுபிசுப்பதற்குக் காரணம் அதிலுள்ள நீண்ட இழைகள். மருந்து அவற்றைத் துண்டாக்க, சளி இளகி இருமலோடு வெளியே வருகிறது. சரி, இதைச் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு ஏன் குமட்டுகிறது? இரைப்பையின் உள்சுவரிலும் ஒரு சளிப்படலம் உண்டு. வயிற்றின் அமிலம் வயிற்றையே அரிக்காமல் காப்பது அதுதான். மருந்துக்கு நெஞ்சு எது, வயிறு எது என்று தெரியுமா என்ன! அந்தக் கவசமும் மெலியலாம். அதனால்தான் வயிற்றுப்புண் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு வந்தாலும் பெரும்பாலும் லேசாகவே போய்விடும்.

அரிதாக வருவதுதான் ஆபத்து. புரோம்ஹெக்சினையும், உடலுக்குள் அது மாறி உருவாகும் அம்புரோக்சாலையும் ஆராய்ந்த ஐரோப்பிய மருந்து முகமை, ஒவ்வாமை, கடுமையான தோல் பாதிப்பு பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்க 2015இல் பரிந்துரைத்தது. தோலில் தடிப்போ கொப்புளமோ கிளம்பினால், முகம் வீங்கினால், அடுத்த வேளை மருந்தை விழுங்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.