மீன் கழிவைத் தின்னும் கடல் பாசி… 700 ரூபாய் விளக்கே போதும்!

‘பாசி அழுகிப் போகிறது. மீன் தொட்டி சாமான் விற்கும் கடையில் 9,000 ரூபாய்க்கு ஒரு விளக்கு வாங்கச் சொல்கிறார்கள். குழுவில் கடன் எடுத்து வாங்கலாமா?’

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து மகளிர் குழுச் சகோதரி ஒருவர் நம் கேள்வி–பதில் பகுதிக்கு எழுதியிருந்த கேள்வி இது. ஐந்து வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. நான் படித்தது வேளாண்மை, மீன்வளம் அல்ல. ஆனால் பாசியும் ஒரு பயிர்தானே? நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஏழு பெண்கள் சேர்ந்து கோமாளி மீன் குஞ்சு வாங்கி, கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்து, அலங்கார மீன் வியாபாரிகளுக்கு விற்கிறார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தச் சின்ன மீனுக்கு நல்ல கிராக்கி. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதன் குஞ்சு உற்பத்தியில் நெடுங்காலமாக வேலை செய்துவருகிறது. அதனால் அந்தப் பக்கத்து மக்களுக்கு இது புதிய தொழில் அல்ல.

இவர்களுடைய சிரமம் தண்ணீர். வாரம் தவறாமல் ஆட்டோ பிடித்து, கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றுகிறார்கள். வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடுகிறது. அதைக் குறைக்கத்தான் பாசித் தொட்டி வைத்தார்கள். அந்தப் பாசிதான் அழுகியது.

அடுப்படித் தண்ணீரில் வாழை மாதிரி

நம் வீடுகளில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் நாலு வாழை வைப்போம். கழிவும் தீரும், வாழையும் கொழுக்கும். பாசித் தொட்டியும் அதே கணக்குதான்.

மீன் சாப்பிட்ட மிச்சமும் அதன் கழிவும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட் அதோடு நின்று, நாளுக்கு நாள் ஏறும். தீவனத்திலிருந்து பாஸ்பேட்டும் சேரும். தழைச்சத்தும் மணிச்சத்தும் என்று நாம் வயலுக்குக் காசு கொடுத்துப் போடுகிற அதே சத்துகள்தான். மீன் தொட்டியில் அவை வேண்டாத சுமை. பக்கத்தில் ஒரு சிறு தொட்டியில் பாசியை வளர்த்து, மீன் தொட்டித் தண்ணீரை அதன் வழியாக ஓடவிட்டால் பாசி அந்தச் சத்தை எடுத்துக்கொண்டு வளரும். வளர்ந்த பாசியை அள்ளி வெளியே எடுத்தால், அதோடு கழிவும் வெளியே போய்விடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பாசியை அள்ளி எடுத்தால்தான் சத்து வெளியேறும். அப்படியே விட்டால், பழைய பாசி அழுகி, எடுத்த சத்தைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும்.

குறை எங்கே இருந்தது?

அந்தக் குழு வளர்த்தது கஞ்சிப்பாசி. தொட்டி 60 செ.மீ நீளம், 30 செ.மீ அகலம். மேலே பார்த்தால், அறையின் பொது டியூப்லைட் நாலடி உயரத்தில் எரிகிறது. அதோடு, ஊதா நிறத்தில் மினுங்கும் விளக்குப் பட்டை ஒன்று. ‘செடி வளர்க்கும் விளக்கு, 100 வாட்’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

நான் தண்ணீரின் உப்பளவு, சத்துக் குறைபாடு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குழுவில் மூத்த அம்மா ஒருவர், முப்பது வருடம் கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர், சொன்னார்: “கடல்ல இது முழங்கால் தண்ணியில வெயில் பட்டுக் கிடக்கும் சார். இங்க கருக்கல் வெளிச்சத்துல வச்சிருக்கோம். எப்படிப் பிழைக்கும்? நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா?”

கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் அளவீட்டுச் செயலியைத் திறந்து, தண்ணீர் மட்டத்தில் பிடித்துப் பார்த்தோம். சில நூறு லக்ஸ்தான் காட்டியது. உச்சி வெயிலில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். பாசித் தொட்டிக்கு 8,000 முதல் 15,000 லக்ஸ் இருந்தால் நன்றாக வளரும். செயலி துல்லியமானது அல்ல. ஆனால் நூறா, ஆயிரமா என்று சொல்லிவிடும். நமக்கு அது போதும். ஊதா விளக்கை வாட் மீட்டரில் சொருகிப் பார்த்தால், அது எடுத்ததே 12 வாட்.

அந்த அம்மா சொன்னதுதான் சரி. பயிர் பட்டினி கிடந்தது உரம் இல்லாமல் அல்ல, ஒளி இல்லாமல்.

எந்த விளக்கு?

பாசியின் பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் நன்றாகப் பிடிக்கும். நாம் வாங்கும் சாதாரண வெள்ளை எல்இடி விளக்கில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. ஆழமான கடலில் சிவப்பு ஒளி கீழே இறங்காது. ஒரு அடித் தொட்டியில் அந்தப் பிரச்னையே இல்லை.

மஞ்சள் சாய்ந்த ‘வார்ம் ஒயிட்’ விளக்கில், அதாவது 3,000 கெல்வின் என்று போட்டதில், சிவப்பு கொஞ்சம் கூடுதல். ‘கூல் டேலைட்’ என்கிற 6,500 கெல்வின் விளக்கில் நீலம் கூடுதல். இரண்டிலும் பாசி வளரும். உங்கள் ஊர்க் கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். இரண்டு பல்பு போடுவதாக இருந்தால் ஆளுக்கொன்றாகப் போடலாம்.

9,000 ரூபாய் விளக்கு எதற்கு? கேட்டு விசாரித்தேன். அது பவளம் வளர்ப்பவர்களுக்கான நீல ஒளி விளக்கு. பவளத்தின் நிறம் எடுப்பாகத் தெரிவதற்காகவும் அதன் தேவைக்காகவும் செய்தது. கழிவு தின்னும் பாசிக்கு அது தேவையே இல்லை.

கடையில் கிடைப்பவற்றை ஒப்பிட்டால்:

● சாதாரண 9 வாட் எல்இடி பல்பு: சுமார் 100 ரூபாய். 900 லூமன் அளவுக்கு ஒளி தரும். ஒளி நாலா பக்கமும் சிதறும் என்பதால், மேலே தகட்டில் மூடி போட வேண்டும். ஒரு சதுர அடித் தொட்டிக்கு ஏற்றது.

● 20 வாட் எல்இடி டியூப்: 200 முதல் 300 ரூபாய். நீளமான தொட்டிக்கு நல்லது. பெரும்பாலானவற்றில் நீர் புகாத அமைப்பு இருக்காது. உப்புக் காற்றில் முனைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

● 30 வாட் எல்இடி ஃப்ளட் லைட்: 500 முதல் 800 ரூபாய். களத்துமேட்டில், கோயில் விழாவில் போடுவோமே, அதேதான். ஒளி ஒரே பக்கமாக விழும். ‘ஐபி 65’ என்று போட்டிருந்தால் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். என் சிபாரிசு இதுதான்.

எவ்வளவு வாட் என்று கேட்பீர்கள். தொட்டியின் மேல்பரப்பில் சதுர அடிக்கு 10 முதல் 15 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி விளக்கு உண்மையில் இழுக்கும் வாட் அது; அட்டைப்பெட்டியில் ‘100 வாட்டுக்குச் சமம்’ என்று போட்டிருப்பது அல்ல. 60க்கு 30 செ.மீ தொட்டி இரண்டு சதுர அடி. ஒரு 30 வாட் விளக்கு சரியாக இருக்கும்.

உயரம்தான் சூட்சுமம்

விளக்கைத் தூக்கித் தூரமாக வைத்தால் காசு வீண். தூரம் இரண்டு மடங்கானால், பல்பிலிருந்து விழும் ஒளி கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும். தண்ணீர் மட்டத்திலிருந்து 15 முதல் 20 செ.மீ உயரத்தில் கட்டுங்கள். நடுவில் கண்ணாடி மூடி இருந்தால் வாரம் ஒருமுறை துடையுங்கள். உப்புப் படலம் ஒளியை மறைக்கும்.

இரவில் எரியவிடுங்கள்

பாசி வெளிச்சத்தில் கரியமில வாயுவை எடுத்து ஆக்ஸிஜனை விடும். இருட்டில் ஆக்ஸிஜனை எடுக்கும். இரவில் மீன் தொட்டி விளக்கு அணைந்ததும் தண்ணீரில் கரியமில வாயு ஏறி, கார அமில நிலை இறங்கும். அந்த நேரத்தில் பாசி விளக்கு எரிந்தால் இந்த இறக்கம் குறையும். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை, 12 மணி நேரம் போதும். 400 ரூபாய் டைமர் ஒன்று வாங்கிப் பொருத்தினால், மறதி இல்லாமல் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மின்செலவு? 30 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 10.8 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 87 ரூபாய்க்குள் அடங்கும். 100 வாட் விளக்காக இருந்தால் 36 யூனிட், 288 ரூபாய். விளக்கு விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

பாசி சொல்லும் சேதி

● வெளிறி, ஒல்லியாக நீண்டு, பழுப்புப் படலம் படிந்தால்: ஒளி குறைவு. விளக்கை இறக்குங்கள்.

● ஒளி படும் மேல்பாகம் மட்டும் வெளுத்தால்: ஒளி அதிகம், அல்லது தண்ணீரில் சத்து தீர்ந்துவிட்டது. விளக்கை உயர்த்தி, நைட்ரேட் சோதனை செய்யுங்கள்.

● உள்பக்கம் மட்டும் அழுகினால்: பாசி அடர்ந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கை அறுவடை செய்து, தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

கைவைக்கும் முன்…

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு பிரேக்கர் கட்டாயம் வேண்டும். ஃப்ளட் லைட்டின் உலோக உடம்புக்கு எர்த் கொடுக்க வேண்டும். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு தொய்வு விட்டுக் கட்டுங்கள். ஒயர் வழியே இறங்கும் தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். விளக்கைக் கயிற்றில் கட்டாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணையுங்கள்.

இப்போது அந்தக் குழு…

கடன் எடுக்கவில்லை. 700 ரூபாய்க்கு ஒரு ஃப்ளட் லைட், 400 ரூபாய்க்கு டைமர். பிரேக்கரும் வயரிங்கும் தனிச் செலவு. அழுகிய பாசியை அள்ளிவிட்டு, புதுப் பாசி போட்டார்கள். முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்று தொலைபேசியில் சலித்துக்கொண்டார்கள். நாற்று பச்சை பிடிக்கவே நாள் ஆகுமே, பொறுங்கள் என்றேன். ஐந்தாவது வாரம் முதல் அறுவடை. இப்போது நைட்ரேட் சோதனைக் குப்பியில் நிறம் வெளிறிவருகிறது. வாராவாரம் மாற்றிய தண்ணீரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். பாசி வைத்தாலும் தண்ணீர் மாற்றுவதை அடியோடு நிறுத்த முடியாது. அளவுக்கு மீறித் தீவனம் போட்டால் எந்தப் பாசியும் காப்பாற்றாது.

விளக்கை எந்த உயரத்தில் கட்டுவது என்று முடிவு செய்தது யார் தெரியுமா? அந்த மூத்த அம்மாதான். தண்ணீருக்குள் கையை விட்டு, உள்ளங்கையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து, “இம்புட்டுதான், நிறுத்துங்க” என்றார். செயலியில் பார்த்தேன். 11,000 லக்ஸ்.

வாசகர்கள் கேட்டவை

மாடியில் வெயில் நன்றாக விழுகிறது. விளக்கு இல்லாமலே வளர்க்கலாமா?

வளர்க்கலாம். வெயிலைவிட மலிவான விளக்கு கிடையாது. 50 சதவிகித நிழல்வலை கட்டுங்கள். ஆனால் சின்னத் தொட்டி கோடையில் சீக்கிரம் சூடேறும். அந்தத் தண்ணீர்தான் மீனுக்கும் திரும்பப் போகிறது. மழைத் தண்ணீர் விழுந்தால் உப்பளவும் இறங்கும். இந்த இரண்டையும் சமாளிக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

எந்தப் பாசி நல்லது? கடலில் இருந்தே எடுக்கலாமா?

சிக்குப் பிடித்த தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும் கீட்டோமார்பா, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எளிது. கஞ்சிப்பாசிக்கு ஒளியும் ஓட்டமும் கூடுதலாக வேண்டும். கடல் திராட்சை எனப்படும் காலர்பா வேகமாக வளரும். ஆனால் சில நேரம் ஒரே இரவில் வித்துகளை விட்டு வெளுத்துப்போய், தண்ணீரைக் கலக்கி, ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதியில் எதையும் எடுக்கக் கூடாது. பவளக் கல்லைத் தொடவே கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வளர்ப்பவர்களிடம் விலைக்கு வாங்குவதே நல்லது.

அறுவடை செய்த பாசியை என்ன செய்வது?

கடலில் கொட்டாதீர்கள். தொட்டியில் இருந்த நோயும் வெளியூர்ப் பாசியும் கடலுக்குப் போய்விடும். நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை அலசி, உப்பு போக்கிக் காயவைத்து, மட்கு உரக் குழியில் மற்ற கழிவுகளோடு கொஞ்சமாகக் கலந்துவிடுங்கள். மீனுக்குச் சுமையாக இருந்த சத்து, உங்கள் வீட்டுக் கத்திரிக்கும் வெண்டைக்கும் உரமாகிவிடும்.