கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பு, நெட்வொர்க்கிங்: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வோம்



நம் ஊர்க் குழு ஒன்றின் மாதக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உறுப்பினர் ஒருவர் மகளின் படிப்புக்கு உள்கடன் கேட்டார். பெண் பத்தாவது பாஸ். கம்ப்யூட்டர் ரிப்பேர், நெட்வொர்க்கிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். தனியார் மையம் ஒன்றில் சேர முன்பணம் கட்ட வேண்டுமாம்.

மூத்த உறுப்பினர் ஒருவர் உடனே கேட்டார். "ஏம்மா, பொம்பளப் புள்ள ஏணியில ஏறி ஒயர் இழுக்குமா? தையல் கத்துக்கட்டுமே!" இன்னொருவர் சொன்னது வேறு. "அதுகூட பரவாயில்லக்கா. முன்னே ஒரு புள்ளைக்கு இப்படித்தான் கடன் குடுத்தோம். மையத்தையே மூடிட்டுப் போயிட்டாங்க. சர்டிபிகேட்டும் வரல, வேலையும் வரல. அவங்கம்மா இன்னும் தவணை கட்டிட்டு இருக்காங்க."

கடன் தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போனது. அந்த இரண்டு கேள்விகளும் நம் எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தும். பெண்களால் இது முடியுமா? குழுப் பணம் வீணாகாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன வேலை?

கம்ப்யூட்டர் என்றதும் நாம் நினைப்பது டைப் அடிப்பதை. இது அதுவல்ல. பெட்டியைத் திறந்து, எந்தப் பாகம் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது 'ஹார்டுவேர்' வேலை. மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., காற்றாடி என்று உள்ளே இருப்பவை சில பாகங்கள்தான்.

ஓர் உதாரணம். "கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, திரையில ஒண்ணும் வரல" என்று ஒருவர் கொண்டுவருகிறார். தெரியாதவர் மதர்போர்டே போச்சு என்பார். கற்றவர் முதலில் மின் இணைப்பைக் கழற்றுவார். ராம் பலகையை வெளியே எடுத்து, அதன் தங்க நிறப் பற்களை மெதுவாகத் துடைத்து, மறுபடி அழுத்திப் பொருத்துவார். பல நேரம் அதோடு சரியாகிவிடும். நம்முடையது கடலோர ஊர். உப்புக் காற்றும் ஈரமும் இப்படிப்பட்ட இணைப்புகளைச் சீக்கிரம் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி மின்னல் வேறு. ஆகவே பழுதுபார்க்கும் ஆளுக்கு இங்கே வேலை இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் பயிற்சி இல்லாமல் திறக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நெட்வொர்க்கிங் என்றால்?

பல கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பதுதான் நெட்வொர்க்கிங். தபால்காரர் கடிதம் கொடுக்கத் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் வேண்டும் இல்லையா? ரூ துமாஸ் என்று மட்டும் எழுதினால் எந்த வீடு என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதுபோல நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. அதுதான் ஐ.பி. முகவரி. ஒரே எண் இரண்டு கம்ப்யூட்டருக்கு விழுந்துவிட்டால் குழப்பம்தான். அதைக் கண்டுபிடிப்பதும் இந்த வேலையில் அடக்கம்.

அடுத்தது கேபிள். லேன் கேபிளுக்குள் 8 சிறு ஒயர்கள், இரண்டிரண்டாக முறுக்கி 4 ஜோடியாக இருக்கும். அவற்றை நிற வரிசைப்படி அடுக்கி, முனையில் பிளாஸ்டிக் பின்னைப் பொருத்தி, கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். வரிசை மாறினால் இணைப்பு வராது. பூ கட்டுகிற கைக்கும், ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கும் இது பெரிய காரியமா? சாதாரண லேன் கேபிளை ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது போன்ற கணக்குகளையும் சொல்லித் தருவார்கள்.

ஏணி ஏறும் வேலையும் இதில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு பகுதிதான். பழுது கண்டுபிடிப்பது, ரவுட்டரைச் செட்டிங் செய்வது, சாப்ட்வேர் ஏற்றுவது எல்லாம் மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை.

பெண்களால் முடியுமா? வில்லியனூரைக் கேளுங்கள்

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே பதில் கிடைத்துப் பல வருஷம் ஆகிறது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியோடு, புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். சுற்றியுள்ள கிராமங்களில் கிளை மையங்கள். அப்போது கிராமத்தில் தொலைபேசி இணைப்பு சரியாகக் கிடைக்காது, மின்சாரம் அடிக்கடி போகும். அதனால் கம்பியில்லா ரேடியோ கருவி மூலம் மையங்களை இணைத்தார்கள். மின்சாரத்துக்குச் சூரிய ஒளித் தகடு வைத்தார்கள்.

மையங்களை நடத்திய தொண்டர்களில் பெண்கள் ஏராளம். பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல, நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள். கம்ப்யூட்டரை இயக்கவும், ரேடியோ வழியே தகவல் அனுப்பவும் பயிற்சி பெற்றார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலை உயரம் பற்றிய தகவல் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய அது உதவியது.

எம்பலத்தில் மையம் இருந்தது கோயில் கட்டிடத்தில். அந்தக் கோயிலின் சன்னதிப் பக்கம் தாழ்த்தப்பட்ட மக்களும் மாதவிலக்கான பெண்களும் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்நாளில் இருந்தது. கம்ப்யூட்டர் இருந்த பக்கத்துக் கதவுக்கோ எந்தத் தடையும் கிடையாது. யாரும் வரலாம், எந்த நாளிலும் வரலாம். பெண்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அந்தக் கதவு நமக்கும் திறந்தே இருக்கிறது.

எங்கே படிக்கலாம்?

1. ஐ.டி.ஐ.: பத்தாவது பாஸ் செய்தவர்களுக்கு 'கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டெனன்ஸ்' என்ற 1 வருடப் பிரிவு தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் உள்ளது. 'கோப்பா' என்ற பிரிவும் 1 வருடம்தான். ஆனால் அது கம்ப்யூட்டரை இயக்கும் படிப்பு, பழுதுபார்க்கும் படிப்பு அல்ல. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்த ஐ.டி.ஐ.-யில் இந்த வருடம் எந்தப் பிரிவு நடக்கிறது என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

2. பாலிடெக்னிக்: பத்தாவதுக்குப் பிறகு 3 வருட டிப்ளமோ. லாஸ்பேட்டையில் பெண்களுக்கென்றே மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. நேரம் கொடுக்க முடிந்தவர்களுக்கு இது நல்ல வழி.

3. வங்கிப் பயிற்சி மையம்: இந்தியன் வங்கி நடத்தும் 'இன்ட்செட்டி' போன்ற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களில் பயிற்சி இலவசம். முக்கியமாகக் கிராமப்புறத்தாருக்கானவை. கம்ப்யூட்டர் ஹார்டுவேர் வகுப்பு எப்போது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

4. மத்திய அரசின் நைலிட் நிறுவனம்: முன்பு 'டோயக்' என்று பெயர், 2011-ல் மாறியது. ஹார்டுவேர் பராமரிப்புக்கும் இதன் சான்றிதழ் உண்டு.

பணம் கட்டும் முன் ஆறு கேள்விகள்

தனியார் மையங்கள் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. நன்றாகச் சொல்லித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ரசீது போடும் முன் இதைக் கேளுங்கள்:

1. சான்றிதழ் யார் தருகிறார்கள்? மையம் தானே அச்சடித்துத் தருவதா? என்.சி.வி.டி., என்.சி.வி.இ.டி., நைலிட் போன்ற அரசு அங்கீகாரம் உள்ளதா? ஒரு மாதிரியை வாங்கிப் பாருங்கள்.
2. ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர்? பிள்ளை தன் கையால் கழற்றி மாட்டுமா, இல்லை தூர நின்று வேடிக்கை பார்க்குமா?
3. கேபிள், கிரிம்பிங் கருவி, டெஸ்டர் மையத்தில் இருக்கிறதா?
4. முழுக் கட்டணம் எவ்வளவு? தேர்வுக் கட்டணம் தனியா? தவணையில் கட்டலாமா?
5. பாதியில் மையம் நின்றுபோனால் பணம் திரும்பக் கிடைக்குமா? எழுதித் தருவார்களா?
6. போன வருடம் படித்த பெண்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இரண்டு பேரிடம் நேரில் பேச முடியுமா?

"நூறு சதவீதம் வேலை உறுதி" என்று சொல்பவர் ஆறாவது கேள்விக்குத் தடுமாறினால், பணத்தை முந்தானையிலேயே முடிந்துகொண்டு வந்துவிடுங்கள்.

படித்த பிறகு

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பொதுச் சேவை மையம், மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைக் கம்பெனிகள் என்று கம்ப்யூட்டர் இல்லாத இடம் இன்று இல்லை. பிரெஞ்சு வீதிகளில் உள்ள விருந்தினர் இல்லங்களுக்கு வைஃபை வேண்டும். கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா வேண்டும். இந்தக் கேமராக்களில் பலவும் அதே நெட்வொர்க் கேபிளில்தான் ஓடுகின்றன.

முதலில் ஒரு வருடமாவது ஒரு கடையிலோ கம்பெனியிலோ வேலை பாருங்கள். வகுப்பில் பத்துப் பழுது பார்த்தால், கடையில் நூறு பார்க்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு தொழில் பழகுநர் பயிற்சியும் உண்டு. பிறகு சொந்தமாகத் தொடங்க நினைத்தால், முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கிக் கடன் கேட்கலாம். இரண்டு, மூன்று பெண்கள் சேர்ந்து தொடங்கினால் இன்னும் நல்லது. தெரியாத இடத்துக்கு வேலைக்குப் போகும்போது ஒருவருக்கு ஒருவர் துணை.

அந்தக் குழு என்ன செய்தது?

தலைவியும் ஊக்குநரும் அந்தப் பெண்ணோடு அந்த மையத்துக்கே போய்க் கேட்டார்கள். சான்றிதழ் பற்றிய கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை. திரும்பி வந்து ஐ.டி.ஐ. விண்ணப்பம் பற்றி விசாரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதிய கடன் தொகை முதலில் கேட்டதைவிட மிகக் குறைவு. பஸ் செலவுக்கும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட்டுக்கும், கிரிம்பிங் கருவிக்கும் மட்டும். தையலைச் சொன்ன அந்த மூத்த உறுப்பினர்தான் முதல் கையெழுத்துப் போட்டார். "எங்க வீட்டுப் பெட்டியும் ஓடாமத்தான் கிடக்கு. கத்துக்கிட்டு வந்து முதல்ல அதைப் பாரு பாப்பா" என்றாராம்.

சகோதரிகளே, கடன் கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது. விசாரித்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். அந்த ஆறு கேள்விகளையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தையல், அழகுக்கலை, நர்சிங் என்று எந்தப் பயிற்சிக்குக் கடன் கேட்டாலும் அவை உதவும்.