இசைத்தகடு இடறுவது ஏன்?

வழிப்போவார்க்கு இனிய துணையாவன இரண்டு: ஒன்று நல்லார் நட்பு, மற்றொன்று நல்லிசை. முன்னது எல்லார்க்கும் எளிதில் வாய்ப்பதன்று. பின்னது காரில் அமைந்த பாட்டுப் பெட்டியால் வாய்க்கின்றது. இந்நாளில் வெளிவரும் கார்கள் பலவற்றில் கைப்பேசியே அவ்வேலையைச் செய்யினும், சில்லாண்டுகட்கு முன் வாங்கப்பெற்றனவற்றில் குறுந்தகடு எனப்படும் சி.டி.யைப் பாடச்செய்யும் கருவி இன்றும் உண்டு. எம் வீட்டுக் காரும் அத்தகையதே.

எம் பாட்டனார் தம் ஊர்க் கோயிற் பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடியவர். அவர் முதுமையிற் பாடிய கீர்த்தனைகள் சிலவற்றை எம் சிறிய தந்தையார் ஒரு தகட்டிற் பதிந்து வைத்தார். பாட்டனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் அவர் குரலை எமக்கு நல்குவது அத்தகடு ஒன்றே. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வழியில் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாம் கீர்த்தனையில் குரல் திடீரென அறுந்தது, பின்னர்ச் சில அடிகளைத் தாண்டி ஒலித்தது, மீண்டும் அறுந்தது. எம் தாயார் முகம் வாடிற்று. உடன் வந்தோருள் ஒருவர் பற்பசை இட்டுத் தேய்க்க என்றார். ஒருவர் ஸ்பிரிட்டால் துடைக்க என்றார். மற்றொருவர் கருவியையே பெயர்த்தெறிக என்றார். நோயின் காரணம் நாடுமுன் மருந்து கூறுவார் எங்கும் உளரன்றோ? யாம் ஒன்றும் செய்யாது, தகட்டை உறையிலிட்டு, முதற்கண் அது பாடும் முறையை அறிய முற்பட்டோம். அறிந்தவற்றை ஈண்டு உரைப்பாம்.

ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் கம்பெனியாரும் ஜப்பான் நாட்டுச் சோனி கம்பெனியாரும் கூடி வகுத்த குறுந்தகடு 1982-ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 12 செண்டிமீட்டர்; கனம் 1.2 மில்லிமீட்டர். கிராமபோன் தட்டில் ஊசி வரிப்பள்ளத்தைத் தொட்டுச் செல்லும். குறுந்தகட்டிலோ தொடுவது யாதுமில்லை. கண்ணுக்குப் புலனாகாத லேசர் ஒளி, சிறு லென்ஸின் வழியே சென்று, தெளிந்த பிளாஸ்டிக்கை ஊடுருவி, அப்பாலுள்ள உலோகப் படலத்தில் பட்டு மீள்கின்றது. மீளும் ஒளியின் ஏற்றத்தாழ்வே குறிகளாகப் படிக்கப்பட்டு இசையாக மாறுகின்றது. அக்குறிகள் உட்புறத்தே தொடங்கி விளிம்பு நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே வரியில் அமைந்தன. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடைப்பட்ட தொலைவு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் 1.6 கூறே ஆம். தகடு நிமிடத்திற்கு 500 முதல் 200 முறை வரை சுழல, லென்ஸ் அவ்வரியை விடாது பின்பற்றல் வேண்டும். வரியை விட்டு வழுவினால் பாட்டு தாவும்.

சிறு பழுதுகளைப் பொறுத்தற்கும் வழி வகுக்கப்பட்டுள்ளது. செய்தி முழுதும் ஓரிடத்தே நெருங்கி எழுதப்படாது பரவலாக எழுதப்பட்டிருத்தலின், வரியின் நீளத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் அழியினும் கருவி அதனைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே மையத்தினின்று விளிம்பிற்குச் செல்லும் நேர்க்கீறல் பெரும்பாலும் தீங்கிழையாது. ஒவ்வொரு சுற்றிலும் அது கெடுப்பது சிறிதே. வரி செல்லும் வழியே விழுந்த வளைகீறலோ தொடர்ச்சியாக நெடுந்தூரத்தை அழித்துவிடும்.

இனி, குறை நிற்குமிடம் மூன்று: தகடு, கருவி, கருவியைப் பொருத்திய முறை. எதில் என அறிதற்கு மூன்று வினாக்கள் போதும். பிற தகடுகளும் தாவுகின்றனவா? தாவுதல் எப்பொழுதும் அதே இடத்தில் நிகழ்கின்றதா? கார் நிற்கும்பொழுதும் தாவுகின்றதா? ஒரு தகடு மட்டும் ஒரே இடத்தில் தாவின் குறை தகட்டினது. எல்லாத் தகடுகளும் நின்ற காரிலும் தாவின் குறை கருவியினது. மேடுபள்ளத்தில் மட்டும் தாவின் பொருத்திய முறையையோ, அதிர்வு தாங்கும் உறுப்புகளையோ ஐயுறுக. ஒருகால் ஒன்றையே மாற்றிச் சோதித்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றின் எது காரணம் என்பது விளங்காது.

தகடு அழுக்குற்றதாயின், மெல்லிய பஞ்சுத் துணியைச் சிறிது நீரில் நனைத்து, மையத்தினின்று விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, உலரவிட்டு இடுக. வட்டமாகத் துடைத்தல் ஆகாது. துணியிற் சிக்கிய மணல், மேற்கூறிய வளைகீறலை உண்டாக்கும். பெயர் எழுதிய மேற்புறத்தைக் கீறாது காத்தல் இன்னும் முதன்மையானது. உலோகப் படலம் அப்புறத்தில் மெல்லிய பூச்சின் கீழேயே உள்ளது. அது பெயர்ந்தால் மீட்க வழியில்லை. காகிதச் சீட்டு ஒட்டிய தகட்டைக் காரில் இடற்க. வெப்பத்தில் சீட்டு உரிந்து கருவியுட் சிக்கும். வீட்டிற் பதிந்த தகடுகளில் சாயப் படலம் உண்டாகலின், அவற்றை வெயில் படும் டாஷ்போர்டின்மேல் வைத்தலும் கேடே.

கருவியின் குறை பெரும்பாலும் லென்ஸிற் படிந்த தூசியாகும். நுண்ணிய தூரிகை பொருந்திய துப்புரவுத் தகடு கடைகளிற் கிடைக்கும். அதனை இருமுறை இட்டுப் பார்க்கலாம். மழைக்காலத்தும் குளிர்ந்த காலையிலும் லென்ஸில் நீர்த்திவலை படிந்து தாவுமாயின், சிறிது நேரம் பொறுத்தாலே சரியாகும். மூடியைத் திறந்து ஓடும் கருவியுள் நோக்கலாகாது. புலனாகா ஒளியாயினும் கண்ணுக்குத் தீங்கு செய்யும். அதிர்ச்சியால் தாவுவதாயின், கருவியின் பின்புறம் தாங்குபட்டையால் இறுகப் பிணிக்கப்பட்டுளதா எனக் காண்க. புதிதாகப் பொருத்திய கருவியாயின், பயணத்திற் குலையாதிருக்கச் செய்தோர் இட்ட பூட்டுத் திருகாணிகள் நீக்கப்பட்டனவா எனவும் நோக்குக.

எம் தகட்டிற்கு வருவோம். பிற தகடுகள் இனிது பாடின. இது மட்டும், நின்ற காரிலும், மூன்றாம் கீர்த்தனையிலேயே இடறிற்று. விளக்கொளியிற் சாய்த்துப் பார்த்தபொழுது விரற்பதிவுகளும், அவற்றினடியில் மயிரிழை போன்ற வளைகீறல் ஒன்றும் தோன்றின. துடைத்தபின் இடறல் பெரிதும் குறைந்தது. கீறலிடத்து மட்டும் நின்றது. பற்பசை போல்வன பிளாஸ்டிக்கைத் தேய்த்துக் கீறலை ஆழங்குறைக்கும் என்பது மெய்யே; ஆயின் பிழைத்தால் வேறு படி இல்லை. எனவே முதலில் கணிப்பொறியில் இட்டுப் படியெடுத்தோம். கார்க்கருவி பாட்டின் விரைவிற்கேற்பப் படித்தே தீரவேண்டும்; கணிப்பொறியோ கெட்ட இடத்தைப் பன்முறை திரும்பப் படிக்கவல்லது. ஓரடி நீங்க எல்லாம் மீண்டன.

அவ்வோரடியை எம் தாயார் நினைவிற் கொண்டுள்ளார். இப்பொழுது காரிற் பாடுவது படி; மூலத்தகடு வீட்டுப் பேழையில் உறையுடன் உறங்குகின்றது. அன்று வழியிலேயே கையிற் கிடைத்த மருந்தை இட்டிருப்பின் பாட்டனார் குரலை இழந்திருத்தலும் கூடும். அன்பர்காள், உங்கள் இல்லத்தும் ஒரே படியாய் நிற்கும் தகடு உளதாயின், அது இடறுமுன்னரே படியெடுத்து வைப்பீராக.