பிள்ளைகள் கதை புனையட்டும்!

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் மாலையில் பிள்ளைகளுக்குத் திருப்பாவை கற்பிக்கிறோம். பாடம் முடிந்த பின் அரை மணி நேரம் கதை எழுதும் பயிற்சியும் உண்டு. சென்ற ஆண்டு, ஆர்வத்தோடு எழுதிவந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி திடீரென வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் விசாரித்தபோது அவளுடைய தந்தையாரே பதில் சொன்னார்.

"அவளுடைய நோட்டைப் பார்த்தேன். கோயில் குதிரை வாகனம் பேசுவதாக எழுதியிருக்கிறாள். மரக்குதிரை எப்போதாவது பேசுமா? சுவாமி விஷயத்தில் பொய் எழுதப் பழகலாமா?"

அவர் நாள் தவறாமல் சந்நிதிக்கு வருபவர். பிள்ளையின் நலனில் அக்கறை உள்ளவர். பக்தியுள்ள பல வீடுகளில் எழும் ஐயம்தான் இது. ஆகவே மறுமொழியைச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

பொய்யும் புனைவும்

பொய் சொல்பவன், தான் சொல்வதைப் பிறர் மெய்யென நம்ப வேண்டும் என்று கருதுகிறான். கதை சொல்பவரோ, "ஒரே ஒரு ஊரிலே..." என்று தொடங்கும்போதே, இது கதை என்பதைக் கேட்பவருக்கு உணர்த்திவிடுகிறார். அங்கே ஏமாற்றுபவரும் இல்லை, ஏமாறுபவரும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கும் இந்த வேறுபாடு தெரியும். "புனைதல்" என்னும் சொல்லுக்கு அழகு செய்தல், தொடுத்தல் என்றெல்லாம் பொருள் உண்டு. மாலையையும் புனைகிறோம், கதையையும் புனைகிறோம்.

நம் பெரியோர் இதை நன்கு அறிந்திருந்தனர். வான்மீகி இராமாயணத்தில் இல்லாத இரணியன் வதையை, வீடணன் தன் தமையனுக்கு எடுத்துரைக்கும் அறிவுரையாகக் கம்பர் தம் காவியத்தில் அமைத்தார். அரங்கேற்றத்தின்போது சிலர் அதற்கு மறுப்புக் கூறினர் என்றும், திருவரங்கத்து மேட்டழகிய சிங்கர் தலையசைத்து அதனை ஏற்றருளினார் என்றும் செவிவழி வரலாறு கூறும். தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள கம்பர் மண்டபத்தை இன்றும் சேவிக்கலாம். பக்தியோடு புனைந்ததைப் பெருமாள் பொய்யெனத் தள்ளவில்லை என்பதே அந்த வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி.

கல்லில் ஒரு சிறுகதை

சிறுகதை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க நாங்கள் மாமல்லபுரத்தைத்தான் துணைக்கு அழைக்கிறோம். அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. அங்கே கைகளை உயர்த்தித் தவம் செய்யும் முனிவரைப் போலவே, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது ஒரு பூனை. அதன் காலடியில் எலிகள்!

"சற்று முன்பு என்ன நடந்திருக்கும்? அடுத்து என்ன நடக்கும்?" இந்த இரண்டு கேள்விகள் போதும். ஒரு பிள்ளை, பூனை உண்மையாகவே திருந்திவிட்டது என்பான். இன்னொருத்தி, ஒரு குட்டி எலிக்கு மட்டும் சந்தேகம் இருக்கிறது என்பாள். அந்தக் குட்டி எலியிடம் கதை பிறந்துவிடுகிறது.

அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் கோவர்த்தனத்தைத் தாங்கி நிற்கிறான். அங்கேயே ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அதிசயத்தின் நடுவே அன்றாட வாழ்க்கையையும் செதுக்கியதால்தான் அந்த இடம் நமக்கு உயிரோடு தெரிகிறது. "அவன் மிகவும் வருந்தினான்" என்று எழுதும் பிள்ளையிடம், "வருந்தியபோது அவன் கை என்ன செய்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வரி தானே வரும்.

வீட்டில் தொடங்கும் முறை

முதலில் கதை சொல்லுங்கள். கேட்காத பிள்ளை எழுதாது. பாதியில் நிறுத்தி, மீதியை அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்த கதையில் ஓரமாக நிற்பவரைக் காட்டுங்கள். இராமன் கங்கையைக் கடந்து சென்ற பின், குகனின் ஓடம் திரும்பி வரும்போது எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள்.

எழுதும்போது அளவு சிறிதாக இருக்கட்டும். ஒருவர், அவருக்கு ஓர் ஆசை, அதற்கு ஒரு தடை, ஒரே நாள், ஒரே பக்கம். இவை போதும். முடிந்ததும் உரக்கப் படிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள். எழுத்துப் பிழைகளை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். முதல் நாளே சிவப்பு மையைத் தொட்டால் பிள்ளையின் மனம் சுருங்கிவிடும்.

கடைசியில் "நீதி" எழுத வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். பிள்ளைகள் நமக்குப் பிடித்த நீதியைத் தேடத் தொடங்கினால், தங்கள் மனத்தில் உள்ளதை எழுத மறந்துவிடுவார்கள். நற்பண்பு அவர்கள் கேட்ட கதைகளிலிருந்தே ஊறி வரும்.

குதிரை சொன்னது

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையாரிடம் சொல்லிவிட்டு, "ஒரு முறை முழுவதும் படித்துப் பாருங்கள்" என்று மட்டும் வேண்டினேன். முதல் பக்கத்தோடு நோட்டை மூடிவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார்.

ஆண்டு முழுவதும் இருண்ட வாகன மண்டபத்தில் நிற்கும் குதிரை, உற்சவத்தில் ஒரே ஒரு மாலை பெருமாளைச் சுமந்து வீதிக்கு வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி கற்பூரத் தட்டோடு காத்திருப்பார். இந்த ஆண்டு அவரைக் காணவில்லை. "பாட்டி எங்கே?" என்று குதிரை கேட்கிறது. யாருக்கும் அதன் குரல் கேட்கவில்லை. உள்ளறையில் படுத்திருக்கும் பாட்டிக்கு மட்டும் கேட்கிறது. அவரால் எழுந்து வர முடியவில்லை. குதிரை மண்டபத்துக்குத் திரும்புகிறது. கதை அவ்வளவுதான்.

அந்தப் பாட்டி அவருடைய தாயார். கால் முடியாமல் ஓராண்டாகப் படுக்கையில் இருப்பவர். நோட்டை மூடியவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு மகளைத் தாமே அழைத்து வந்தார்.

இந்த ஆண்டு குதிரை வாகனம் புறப்பாட்டன்று, அந்த வீட்டை நெருங்கும்போது பார்த்தேன். தாயாரை நாற்காலியோடு தூக்கிவந்து வாசலில் அமர்த்தியிருந்தார். பாட்டியின் மடியில் கற்பூரத் தட்டு இருந்தது. பேத்தி அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.